நிலைவாசல் மஞ்சள்

எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. அரியலூரில் என் கணவரின் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்த பிறகு வந்த முதல் பொங்கல் அது. மகளுக்கு ஒரு வயது முடியப்போகிறது. அரியலூர் தனி மாவட்டமாகிவிட்டது என்று ஊரே குதித்துக்கொண்டிருந்தது. இத்தனையும் ஒன்றாக வந்து சேர்ந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? சுவருக்கு வேண்டுமானால் ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடிக்கலாம், வாசல் நிலைக்கு நான்தான் பெயிண்ட் அடிப்பேன் என்று கிளம்பிவிட்டேன்.

"டீச்சரே பிரஷ்ஷத் தூக்கிட்டா பெயிண்டரு எங்க போவான்?" என்று என் கணவர் கேலி செய்தார்.

"நீங்க ஆபீஸ் போற வழியப் பாருங்க" என்றேன்.

அவருக்குப் பெரம்பலூரில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்வார். நான் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தினேன். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளி வீடு. அவருக்குப் பிள்ளை கிடையாது. நான் பள்ளிக்குக் கிளம்பும் முன்னாலேயே வந்து நின்று, "எங்கடி என் சிங்காரி?" என்று குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொள்வார். அவர் பிறந்து வளர்ந்து தாலி கட்டிக்கொண்டு வெளியே போன வீடுதான் இது. எந்த ஜன்னலில் எந்தக் கொக்கி வேலை செய்யாது என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வாசல் நிலையைக் கழுவி, மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். மஞ்சள் இல்லாத நிலையை மூளி என்பார்கள். வேலைக்குப் போகிறவளுக்கு வாராவாரம் மஞ்சள் குழைக்க ஏது நேரம்? அதற்கு ஊரில் யாரோ ஒரு புண்ணியவதி வழி கண்டுபிடித்துவிட்டாள். நிலைக்கு மஞ்சள் எனாமல் பெயிண்டையே அடித்துவிடுவது, அதன் மேல் சிவப்புப் பெயிண்டால் வரிசையாகப் பொட்டு வைத்துவிடுவது. தண்ணீர் பட்டாலும் போகாது. வருஷம் முழுக்க மங்களம். எங்கள் தெருவில் பாதி வீட்டு நிலை அப்படித்தான் இருந்தது, எங்கள் நிலையும் எத்தனையோ பொங்கலுக்கு அப்படி அடித்து அடித்துத் தடித்துப் போயிருந்தது. கீழ்ப்பக்கம் மழையில் ஊறி, செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதுசாக அடிக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

பெயிண்ட் கொடுத்தவர் எங்கள் தெருவிலேயே இருந்த போர்டு எழுதும் பெயிண்டர். புது மாவட்டம் வந்ததில் அவருக்குத்தான் யோகம். ஊரில் இருக்கிற கடைப் பலகையெல்லாம் 'பெரம்பலூர் மாவட்டம்' என்பதை அழித்து 'அரியலூர் மாவட்டம்' என்று எழுதச் சொல்லி வரிசையில் நின்றது. அவர் வாங்கி வைத்திருந்த மஞ்சளில் ஒரு டின் எனக்குக் கொடுத்தார்.

"போர்டு மஞ்ச டீச்சர் இது. வெயில்ல காஞ்சாலும் மழையில நனைஞ்சாலும் அப்புடியே நிக்கும். உங்க நிலைக்கு இனிமே வருசா வருசம் அடிக்க வேணாம்" என்றார்.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்க ஒரு வண்ணத்துக்குக் கீழே இன்னொரு வண்ணம். மஞ்சளுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் செங்கல் சிவப்பு. எனக்கு அப்படி ஒரு உற்சாகம். "அண்ணி, இந்த நீலம் எந்தக் காலத்துதுங்க?" என்று கேட்டேன். "எனக்கு அஞ்சு வயசு இருக்கும், அப்ப அடிச்சது" என்றார் அவர். வீடு முழுக்க மஞ்சள் தூசி. என் தலைமுடி, சேலை, அடுப்பங்கரைத் தட்டு, தண்ணீர்க் குடத்து மூடி, எல்லாவற்றிலும் மாவு தூவினாற்போலப் படிந்திருந்தது. குழந்தை தவழ்ந்து வந்து அதில் இரண்டு கையையும் அளைந்து முகத்தில் ஈஷிக்கொண்டாள். நான் திட்டப்போனேன். அண்ணி தடுத்துவிட்டார்.

"விடும்மா. மஞ்ச பூசின மகாலட்சுமி கணக்கா இருக்கா பாரு" என்றார்.

என் கணவர் உள்ளே ஓடிப்போய் கேமராவை எடுத்து வந்தார். மஞ்சள் முகத்தோடு அவள் சிரிக்கிற படம் அந்த ரோலில் முதல் படம். அன்றைக்கு எங்கள் ஊரில் எங்களைவிடச் சந்தோஷமாக யாருமே இருந்திருக்க முடியாது.

புது மஞ்சள் தகதகவென்று இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை நடக்கத் தொடங்கினாள், பேசவும் தொடங்கினாள். காக்கா, பால், பஸ், தா, போ என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தை. ஒவ்வொன்றையும் நான் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். வாசலில் காற்று வரும் என்று அண்ணி மத்தியானம் அவளை நிலைப்படியில் உட்காரவைத்துத்தான் சோறு ஊட்டுவார். அவளும் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், மறுபடி உட்காருவாள். பல் முளைக்கிற நேரம், கைக்கு அகப்பட்டதெல்லாம் வாயில்தான்.

ஆடி மாதம் நிலையின் கீழ்ப்பக்கம் மஞ்சள் அங்கங்கே போயிருந்ததைப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் ஊறின இடத்தில்தான் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் விளிம்பில் பல் தடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எலி கடிச்சிருக்குங்க. இந்த வூட்டு எலிக்குப் பெயிண்டு கூடவா வேணும்?" என்றேன்.

என் கணவர் எலிப்பொறி வாங்கி வந்தார். தேங்காய்ச் சில்லு வைத்து நிலைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். ஒரு வாரம் ஆகியும் ஒரு எலியும் விழவில்லை. "கெட்டிக்கார எலி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம். குழந்தை கையை விட்டுவிடுவாள் என்று பயந்து பொறியை எடுத்துப் பரணில் போட்டேன். எலியைப் பற்றி யோசித்த நேரத்தில் பாதியாவது அவளைப் பற்றி நான் யோசித்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு வயிற்று வலி தொடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மூன்று நான்கு நாள் வெளியே போகமாட்டாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊர் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அண்ணி தன் பங்குக்குக் கூட்டிப்போய்த் திருநீறு மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். எதற்கும் அவள் வலி அடங்கவில்லை. உதடு வெளுத்துப்போய், சும்மா சும்மா எரிந்து விழுகிற குழந்தையாக மாறிவிட்டாள்.

அதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. அவள் பேச்சு நின்றுவிட்டது. முதலில் பஸ் போனது. அப்புறம் பால். ஐப்பசி வந்தபோது காலண்டர் தாளில் இருந்த பத்துப் பன்னிரண்டு வார்த்தையில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. வேண்டியதைக் கையைக் காட்டி அழுது வாங்கினாள். "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று எல்லோரும் சொன்னார்கள். லேட்டாகப் பேசுவது வேறு, பேசினதை விட்டுவிடுவது வேறு என்று நான் கத்தினேன்.

அந்த மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆய்வகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காரீய உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். தெளிந்த கரைசல் ஒரு குழாயில். அதில் பொட்டாசியம் குரோமேட் ஊற்றினேன். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு இறங்கியது. வழக்கம்போல மனப்பாடமாகச் சொன்னேன்: "இது லெட் குரோமேட். பெயிண்டுகளில் மஞ்சள் நிறமியாகப் பயன்படுகிறது. எழுதிக்கோங்க."

முன் வரிசையில் இருந்த ஒரு பெண், குன்னம் பக்கத்திலிருந்து வருகிறவள், குழாயை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இது எங்க வூட்டு நிலை கலரு மாதிரியே இருக்குங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஒரு வரியை ஒன்பது வருஷமாக ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லி எழுத வைத்தவள் நான். காரீயம் நஞ்சு என்று அடுத்த வரியையும் சொல்லி எழுத வைத்தவள் நான். இரண்டு வரிக்கும் நடுவில் என் வீட்டு வாசல் இருந்தது, நான் பார்க்கவே இல்லை.

மணி அடிக்கும்வரை எப்படி நின்றேன் என்று தெரியாது. தலைமை ஆசிரியையிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெயிலில் ஓடினேன். ஆமாம், ஓடினேன். சேலை கட்டின டீச்சர் கடைத்தெருவில் ஓடினால் ஊர் என்ன நினைக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அண்ணி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் படுத்திருந்தாள். நான் இருவரையும் நகர்த்திவிட்டு நிலையின் அடியில் குனிந்து பார்த்தேன். மேலே இரண்டு தடம், கீழே இரண்டு தடம். சின்னச் சின்னத் தடம். எலிக்குப் பல் அப்படி இருக்காது. குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். முன்பல் மேலே இரண்டு, கீழே இரண்டு, அதே அளவு. கடவாயில் ஒரு துளி மஞ்சள் ஒட்டியிருந்தது.

"நிலையைத் தின்னுருக்கா அண்ணி. இவ்வளவு நாளா நிலையைத் தின்னுருக்கா. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நியாயமே இல்லாத கேள்வி. வாய் முந்திக்கொண்டது. அண்ணி என்னை அண்ணாந்து பார்த்தார். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மறுநாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் கணவரை லீவு போடச் சொல்லிவிட்டு, நிலையிலிருந்து பெயர்ந்த செதில்களை ஒரு தாளில் மடித்துப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். என் ஊகம் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன். செதிலை எரித்துச் சாம்பலாக்கி, சோடா உப்புக் கரைசலில் கொதிக்க வைத்து, வடிகட்டி, தங்கின வண்டலை அமிலத்தில் கரைத்தேன். கடைசியில் பொட்டாசியம் அயோடைடு. மஞ்சள் இறங்கியது. சூடாக்கினால் கரைந்து தெளிந்தது. குழாயைத் தண்ணீரில் பிடித்துக் குளிரவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, தங்கப் பொடி தூவினாற்போல, மினுமினுவென்று துகள்கள் சுழன்று சுழன்று இறங்கின.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேதியியல் படித்தவளுக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது. காரீயம் இருந்தால் மட்டும் வருகிற தங்கம் அது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசு துள்ளியது. அடுத்த கணம், இது என் பெண்ணின் வயிற்றில் இருக்கிறது என்று உறைத்தது. குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு திருச்சி பஸ்ஸைப் பிடித்தாயிற்று, நானும் அவரும் குழந்தையும்.

திருச்சியில் குழந்தை டாக்டர் நான் மூச்சு விடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டார். நான் கொண்டுபோயிருந்த செதில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "இத இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கொண்டு வந்ததில்லைம்மா" என்றார். குழந்தையின் இரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம் ஆனது, அதுவரை நான் லீவு போட்டு அவளை நிலைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன். காரீயம் இருந்தது, நிறையவே இருந்தது.

"சரி பண்ணிடலாமுங்களா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

"உள்ள போறத நிறுத்துனா தானா இறங்கும். இரும்புச் சத்து, பால், கீரை எல்லாம் குடுங்க. ரொம்ப ஏறிடுச்சுன்னாத்தான் ஊசி. நமக்கு அது வேண்டாம்னு நெனைக்கிறேன்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். "பேச்சு எப்ப வரும்னு கேக்கப் போறீங்க. எனக்குத் தெரியாதும்மா. வரலாம். சொல்ல முடியாது."

எனக்கு அப்போதே வீட்டுக்குப் போய் நிலையைச் சுரண்டித் தெருவில் வீச வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அதையும் அவர் தடுத்தார். உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது, நெருப்பு வைத்து உரிக்கவும் கூடாது, தூசியும் புகையும்தான் அதிகக் கெடுதல், குழந்தையை முதலில் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஈரத்தில் சுரண்ட வேண்டும் என்றார். உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவுக்கு வந்தது. நாங்கள் போட்டோ எடுத்தோம் என்பதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.

வேறு வீடு என்றால் எங்கே? அண்ணி வீட்டு நிலையும் மஞ்சள் பெயிண்ட். தெருவில் பாதி வீடு மஞ்சள். கடைசியில் தா.பழூரில் என் தம்பி வீடு ஞாபகம் வந்தது. புதுசாகக் கட்டினது, கதவு நிலை எல்லாம் வெறும் மரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே போய்விட்டேன். அங்கிருந்து தினமும் அரியலூருக்குப் பஸ்ஸில் வந்து வேலை பார்த்தேன். என் கணவர் இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்.

நிலையைச் சுரண்ட அதே பெயிண்டர்தான் வந்தார். விஷயத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, நிலையின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, ஊற ஊறச் சுரண்டினோம். மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று எல்லாம் சேறாக வழிந்து விழுந்தது. பொறுக்கியதையெல்லாம் சிமெண்டோடு சேர்த்துப் பிசைந்து கட்டியாக்கினோம்.

"போகிக்கு எரிச்சுடலாமே டீச்சர்?" என்று கேட்டார்.

"எரிச்சா தெருவுக்கே குடுத்த மாதிரி" என்றேன்.

சுரண்டியைக் கீழே வைத்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பிரஷ்ஷ வாயில கடிச்சுக்கிட்டுத்தான் ஏணியில ஏறுவேங்க" என்றார். சோறு சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், திருச்சி டாக்டரிடம் போய் யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

வேலை பாதியில் இருக்கும்போது அண்ணி வந்தார். தெருவில் நின்றபடியே நிலையைப் பார்த்தார். கீழே மரம் வெளுத்துத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அன்றைக்குத்தான் வந்தார்.

"மஞ்சளயா வழிச்சு எடுக்குறீங்க? என் தம்பி உசுரோட இருக்கையில வாச நிலைய மூளியாக்குவீங்களா?"

உள்ளேயிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "நான் நல்லாத்தான் இருக்கேங்க்கா" என்றார்.

"நீ சும்மா இருடா." அண்ணி என் பக்கம் திரும்பினார். "புள்ளைக்கி நான் வெசம் வெச்சேன்னு சொல்லிட்ட. பொறந்த வூட்டு நிலையையும் உரிச்சுப் போட்டுட்ட. இந்த மூளி நிலையத் தாண்டி என் காலு இனிமே உள்ள வராது."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "வராட்டி போங்க" என்றேன். அவர் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பெயிண்டர் தலையைத் தூக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பெயிண்டுதானே கெடுதல். நெசமான மஞ்சளக் கொழைச்சுப் பூசிட்டா அக்காவும் வருவாங்க, எல்லாம் சரியாயிடுமே."

நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு இந்த மஞ்சளை நக்கலாம், அடுத்த வீட்டு மஞ்சளை நக்கக் கூடாது என்று எப்படிப் புரிய வைப்பது? மஞ்சளாக இருக்கிற நிலை என்றாலே வாய்க்கு ருசி என்றல்லவா அவள் பழகியிருக்கிறாள். அந்த நினைப்பே அவளுக்கு மறக்க வேண்டும். நிலை வெறும் மரமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

தா.பழூரில் அவள் உடம்பு தேறியது. தம்பி மனைவி முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் கூழுமாகக் கொடுத்துத் தேற்றினாள். வயிற்று வலி போனது. அழுகை குறைந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. மாசியில் மறுபடி இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதன்முதலாகச் சிரித்தார். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகள் ஜன்னலில் போகிற வண்டிகளைக் காட்டினாள். "என்னம்மா அது? பஸ். சொல்லு, பஸ்" என்று வழி நெடுகக் கெஞ்சினேன். விரலை நீட்டிக்கொண்டு வாயை மூடியபடியே வந்தாள்.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இன்றைக்கு அவள் வாயை மூட வைப்பதுதான் எங்களுக்கு வேலை. ஆனாலும் அவள் கணக்கில் ஒரு தப்புப் போட்டாலோ, படித்ததை மறந்தாலோ எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடும். எல்லாப் பிள்ளையும் மறக்கிற மாதிரிதான் மறந்தாளா, இல்லை அந்த மஞ்சள் எதையாவது கொண்டுபோய்விட்டதா? அதற்குச் சோதனை எதுவும் என்னிடம் கிடையாது. இதை நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

அந்தப் பங்குனியில் மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பெயிண்டருக்கு மறுபடி கடைப் பலகை வேலை வந்தது, இந்தத் தடவை மஞ்சள் தொடாமல் எழுதினார். சித்திரையில் பள்ளி விட்டதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த அன்றே அவளை நிலைக்குப் பக்கத்தில் விட்டுப் பார்த்தேன். பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் மரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

நாங்கள் வந்தது அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை ஒரு தூக்குவாளியில் நுங்கு உரித்து எடுத்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றார். வாளியை நிலைக்கு வெளியிலிருந்து நீட்டினார், நான் உள்ளேயிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் கண் என் மேல் இல்லை. என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தையை மட்டும் பார்த்தார். ஆறு மாதமாகப் பார்க்காத குழந்தை.

"நல்லா இருக்காளா?" என்றார்.

"இருக்கா."

"பேசுறாளா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் முகம் சுருங்கியது. காலி வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்படியே நான்கு நாள். நான்கு நாளும் நுங்கு, நான்கு நாளும் தெருவில் நின்றே கொடுப்பது, நான்கு நாளும் அதே கேள்வி. உள்ளே வாங்க அண்ணி என்று கூப்பிட எனக்கு நாக்கு நுனிவரை வரும், அதற்கு மேல் வராது. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் வராது. அவ்வளவு திமிர் எனக்கு.

ஐந்தாம் நாள் வெயில் ஏறிவிட்டது. கொல்லையில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தேன், அண்ணி அதற்குள் வந்து நின்றிருந்தார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலைச் சூட்டில் மாற்றி மாற்றி வைத்தபடி. செருப்பு அறுந்துவிட்டதாம், அப்படியே நடந்து வந்திருக்கிறார். மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, உள்ள வா" என்றாள்.

தெளிவாக, கணீரென்று, மூன்று வார்த்தை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடி சொல்ல மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்து நின்றேன். மறுபடி சொன்னாள், கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "உள்ள வா."

வாளி அண்ணியின் கையிலிருந்து விழுந்து நுங்கு தெருவில் உருண்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிலையைத் தாண்டி ஒரே எட்டில் உள்ளே வந்து குழந்தையை அள்ளிக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக அவள் முகமெல்லாம் முத்தம் கொடுத்தார். நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "மன்னிச்சுடுங்க அண்ணி" என்று அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

அவர் என்னைப் பார்க்காமல், குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒன்னும் வரணும்னு இல்ல. புள்ள கூப்புட்டுட்டா, என்ன பண்ணச் சொல்ற?"